விராலுக்குப் புழு: பதினொரு மாதம், மூன்று சுற்று

2025 ஏப்ரல் 11 காலை ஆறரை மணிக்கு, குட்டைக்குள் மீனை அடைத்து வளர்க்கக் கட்டிய இரண்டு ஹாப்பா வலைகளையும் தூக்கி மீனை எண்ணி எடை போட்டோம். கடைத் தீவனம் மட்டும் தின்ற வலையில் 38 விரால், சராசரி 160 கிராம். கடைத் தீவனத்தைக் குறைத்து அந்த இடத்தில் கறுப்புச் சிப்பாய் ஈயின் புழுவைப் போட்ட வலையில் 39 விரால், சராசரி 157 கிராம். தம்பி நம்பாமல் தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து மறுபடியும் நிறுத்தான். அதே எண்தான். இந்த மூன்று கிராம் வித்தியாசத்துக்கு வந்து சேர எனக்குப் பதினொரு மாதம் ஆகியிருக்கிறது. அதற்குள் இரண்டு சுற்று கெட்டுப்போனது. கெட்டதையும் விடாமல் எழுதுகிறேன். இதே வேலையில் இறங்க நினைப்பவருக்குக் குறைந்தது ஐயாயிரம் ரூபாய் மிச்சமாகும்.

எங்கள் நிலம் நெல்லிக்குப்பத்துக்கும் பண்ருட்டிக்கும் நடுவில். பண்ணைக் குட்டை 20 மீட்டருக்கு 15 மீட்டர், ஆழம் ஒன்றரை மீட்டர். கெண்டை விட்டு இரண்டு வருஷம் பார்த்துவிட்டு 2023-இல் விராலுக்கு மாறினேன். விராலை உயிரோடு கேட்டு வாங்கிப் போகிறார்கள், விலையும் நிற்கிறது. தீவனம்தான் கழுத்தைப் பிடிக்கிறது. விரால் மாமிசம் தின்னும் மீன். அதன் தீவனத்தில் புரதம் 40 சதவீதத்துக்கு மேல் வேண்டும். அந்த மிதவைத் தீவனம் எனக்குக் கிலோ 115 ரூபாய்க்கு வந்து இறங்குகிறது. முதல் வருஷச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு அதற்கே போனது.

குறைக்க முதலில் கருவாட்டைத்தான் பிடித்தேன். கடலூர் முதுநகரில் கோழித் தீவனத்துக்கென்று காய வைக்கும் பொடி மீன் கருவாடு கிடைக்கும். வாங்கிப் பொடித்துக் கலந்தேன். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நின்றதும் அந்தக் கருவாடு அருகிப் போகும். கிடைப்பதிலும் மணல் அதிகம். 2024 மே மாதம் கிலோவுக்கு 95 ரூபாய் கொடுத்து வாங்கிச் சலித்ததில், பத்துக் கிலோவுக்கு ஒன்றரைக் கிலோ மணல் நின்றது. அதே வாரம் பண்ருட்டிச் சாலையோரத்தில் பலாச் சக்கை குவிந்து புளித்துக் கிடந்தது. சுளையை எடுத்துவிட்டுத் தோலையும் சடையையும் கொட்டியிருந்தார்கள். அள்ளிப் போக ஆள் இல்லை. அதைப் பார்த்ததும்தான், இந்த மாதிரிக் கழிவைத் தின்று வளரும் பி.எஸ்.எஃப். புழு ஞாபகம் வந்தது.

கறுப்புச் சிப்பாய் ஈ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் பிளாக் சோல்ஜர் ஃப்ளை. எங்கள் பக்கம் எல்லோரும் பி.எஸ்.எஃப். என்றே சொல்கிறார்கள். பார்க்கக் குளவி போல இருக்கும். கொட்டாது, சோற்றில் உட்காராது. ஈயாக மாறிய பிறகு அது தீனி தேடுவதில்லை. தண்ணீர் குடித்துக்கொண்டு ஒரு வாரம் இருந்து, முட்டை இட்டுவிட்டுச் செத்துப்போகும். தின்பதெல்லாம் புழுப் பருவத்தில்தான். காய வைத்த புழுவில் சுமார் 40 சதவீதம் புரதம், 30 சதவீதம் கொழுப்பு. அந்த இரண்டாவது எண்ணை நான் அப்போது சரியாகக் கவனிக்கவில்லை. அதன் பலனைப் பிறகு அனுபவித்தேன்.

மூன்று கிராம் முட்டையைக் கூரியர் செலவோடு 750 ரூபாய்க்கு வரவழைத்தேன். ஒரு கிராமில் முப்பதாயிரத்துக்கு மேல் முட்டை இருக்கும். நாலாம் நாள் பொரிந்துவிடும் என்பதால் கூரியர் இரண்டு நாள் தாமதமானால் வழியிலேயே பொரிந்து, தீனி இல்லாமல் செத்துவிடும். எனக்குப் பாதி அப்படித்தான் போனது. மீதியை நனைத்த தவிட்டின் மேல் வலைத் துணி விரித்து வைத்தேன். ஐந்தாம் நாள் அரிசிக் குருணையில் பாதி அளவுக்குப் புழு நெளிந்தது.

அப்போது அக்னி நட்சத்திரம். தகரக் கொட்டகையில் இரண்டு ஆழமான தொட்டிகளில் முழங்கால் உயரத்துக்குப் பலாச் சக்கையைக் கொட்டி, மேலே புழுவை விட்டேன். மூன்றாம் நாள் காலை கொட்டகைச் சுவர் முழுக்கப் புழு ஏறியிருந்தது. தரையில் கால் வைக்க இடமில்லை. கோழிகளுக்குத்தான் கொண்டாட்டம். 250 ரூபாய்க்கு வாங்கிய குத்து வெப்பமானியைத் தொட்டிக்குள் சொருகினால் 47 டிகிரி காட்டியது. பலாச் சக்கை புளித்தால் தானாகவே சூடாகும், புழுக் கூட்டமும் சூடு கிளப்பும், மேலே தகரம் வேறு. அடியில் ஒரு வாளி அளவு புளித்த நீர் தேங்கி நின்றது.

அதன் பிறகு செய்ததெல்லாம் இன்றுவரை மாறவில்லை. ஆழத் தொட்டியை விட்டுவிட்டு, துறைமுகத்தில் பழைய மீன் பெட்டிகள் ஆறு வாங்கினேன், ஒன்று 120 ரூபாய். தீனி அரைச் சாணுக்கு மேல் ஏறக் கூடாது. பெட்டிகள் மாமரத்தடிக் கீற்றுக் கொட்டகைக்கு மாறின. ஈரத்துக்கு அளவு கைதான். கலவையை அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், ஒழுகக் கூடாது. பலாச் சக்கை இருபது கிலோவுக்கு ஒரு கிலோ தவிடு கலந்தால் அந்தப் பதம் வருகிறது. பூசணி, தக்காளி அதிகம் என்றால் தவிடும் கொஞ்சம் கூடும். நாலு கால் மேசையின் ஒவ்வொரு காலையும் தண்ணீர் ஊற்றிய டப்பாவில் நிறுத்தினேன். எறும்பு ஒரே ராத்திரியில் ஒரு பெட்டியையே காலி செய்துவிடும். மேலே கொசுவலை கட்டாவிட்டால் வீட்டு ஈ வந்து முட்டையிடும். அக்கம்பக்கத்தில் சண்டை வருவது அதனால்தான், பி.எஸ்.எஃப். ஈயால் அல்ல. பக்கத்து நிலத்துப் பெரியவர் முதலில், "என்னப்பா, ஈப் பண்ணை வைக்கிறியா? ஊருக்குள்ள காய்ச்சல் பரப்பவா?" என்று சத்தம் போட்டார். வலைக்குள் கைவிட்டுப் பார்க்கச் சொன்னேன். நாற்றம் இல்லாததைப் பார்த்த பிறகு அவரே தன் தோட்டத்து முற்றிய வெள்ளரிக்காயைக் கொண்டுவந்து கொட்டுகிறார்.

ஜூலை கடைசியில் முதல் நல்ல அறுவடை. 120 கிலோ கழிவுக்கு 20 கிலோ பச்சைப் புழு. அதை அப்படியே தார்ப்பாயில் பரப்பி வெயிலில் போட்டேன். உயிருள்ள புழுவை வெயிலில் போட்டால் அது நிழலைத் தேடிப் போகாமல் இருக்குமா? பாதி தார்ப்பாய்க்கு அடியில் போயிற்று. நசுங்கியவை கன்னங்கரேலென்று மாறி நாறின. அடுத்த தடவை கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிஷம் முக்கி எடுத்துப் பரப்பினேன். நிறம் வெளுப்பாகவே நின்றது, நாற்றம் இல்லை, மூன்று வெயிலில் கலகலவென்று காய்ந்தது. 20 கிலோ பச்சைப் புழு 6.5 கிலோவாக வற்றியது.

காய்ந்த புழுவை அரைத்த மாவில் முதல் சுற்றுத் தீவனம் செய்தேன். பத்துக் கிலோவுக்குப் புழு மாவு ஐந்து, கடலைப் பிண்ணாக்கு மூன்று, கருவாட்டுப் பொடி ஒன்று, மரவள்ளி மாவு 800 கிராம், தாது உப்பு 200 கிராம். முதலில் வீட்டு முறுக்கு அச்சில் பிழிந்து பார்த்தேன். அம்மா, "அந்த அச்சு இனிமே என் அடுப்பங்கரைக்குள்ள வரக் கூடாது" என்று சொல்லி எடுத்து வெளியே வைத்துவிட்டார். கையால் சுற்றும் கொத்துக்கறி மெஷின் 1,850 ரூபாய்க்கு வாங்கினேன். 3 மி.மீ. துளைத் தட்டு.

இந்த இடத்தில் இரண்டு தப்பு ஒன்றாகச் சேர்ந்தது. ஒன்று, கொழுப்பு. எண்ணெய் எடுக்காத புழு மாவு பாதிக்குப் பாதி இருந்ததால் மாவு ஒட்டவே இல்லை. பிழிந்த குச்சியைத் தொட்டால் விரல் பளபளத்தது. மரவள்ளியைக் கூழாகக் காய்ச்சிப் போட்டும் தண்ணீரில் ஐந்து நிமிஷம் தாங்கவில்லை. குட்டை மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தது. இரண்டாவது, நான் பிழிந்த குச்சி மூழ்கியது. கடைத் தீவனம் உப்பி மிதக்க வேறு பெரிய இயந்திரம் வேண்டும், வீட்டில் ஆகாது. விரால் மேலே பார்த்து அடிக்கும் மீன். காலைத் தீவனத்துக்குத் தண்ணீர்ப் பரப்பில் வந்து நின்றவை, மூழ்கிப் போன குச்சியைத் திரும்பியும் பார்க்கவில்லை. பசித்த விரால் சும்மா இருக்காது. 50 விட்ட வலையில் 21-ஆம் நாள் எண்ணினால் 31. அவற்றில் இரண்டு மற்றவற்றைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருந்தன. ஒன்றை அறுத்துப் பார்த்தேன், வயிற்றில் தன் இனத்துக் குஞ்சின் வால். சுற்றை அன்றே நிறுத்தினேன்.

கொழுப்பை எடுப்பது என்று முடிவு செய்து, காய்ந்த புழு ஐந்து கிலோவைச் சாக்கில் கட்டிக்கொண்டு பண்ருட்டியில் மரச்செக்கு வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். தெரிந்தவர். சாக்கைப் பிரித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "தம்பி, இந்தச் செக்குல நாளைக்குப் பச்சப்புள்ளைக்குத் தேய்க்கிற எண்ணெய் ஆட்டணும். நீ தப்பா எடுத்துக்காத" என்றார். தப்பாக எடுக்க ஒன்றுமில்லை, அவர் சொன்னது நியாயம். டீ வாங்கிக் கொடுத்து, எனக்கு யோசனையும் அவர்தான் சொன்னார். "லாரி ஜாக்கி வச்சு அழுத்திப் பாரு. அந்தக் காலத்துல எங்கப்பா வேப்பங்கொட்டைய அப்படித்தான் புழிஞ்சாரு."

பழைய இரும்புக் கடையில் 10 டன் ஜாக்கி 900 ரூபாய். வெல்டிங் பட்டறையில் இரும்புச் சட்டம் 1,400. நாலு அங்குல ஸ்டெய்ன்லெஸ் குழாய் ஒரு அடி, சுற்றிலும் 2 மி.மீ. துளை போட்டு, அடித்தட்டும் அழுத்துதட்டும் சேர்த்து 600. மொத்தம் 2,900. காய்ந்த புழுவை அப்படியே அழுத்தினால் சொட்டு எண்ணெய் வரவில்லை. இரும்புச் சட்டியில் கை பொறுக்கும் சூட்டுக்கு வறுத்து, துணியில் கட்டிக் குழாயில் வைத்து அழுத்தியதும் ஒழுக ஆரம்பித்தது. அவசரப்படக் கூடாது. நாலு தடவை அடித்துவிட்டு ஐந்து நிமிஷம் விட வேண்டும். 6.5 கிலோவுக்கு ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எண்ணெய், 4.8 கிலோ பிண்ணாக்கு. சட்டியிலும் துணியிலும் ஒட்டியது போகத்தான் இந்தக் கணக்கு. மறுநாள் காலை பாட்டிலில் அந்த எண்ணெய் மார்கழித் தேங்காயெண்ணெய் மாதிரி உறைந்து வெள்ளையாக நின்றதைப் பார்த்து எல்லோரும் ஆச்சரியப்பட்டோம். தேங்காயெண்ணெயில் இருக்கும் லாரிக் அமிலம் இதிலும் அதிகம். அதை நாட்டுக்கோழித் தவிட்டில் கலந்து தீர்த்தேன்.

இரண்டாம் சுற்றுக் கலவை பத்துக் கிலோவுக்கு: புழுப் பிண்ணாக்கு நாலு, கருவாட்டுப் பொடி இரண்டு, கடலைப் பிண்ணாக்கு 2.2, மரவள்ளி மாவு 1.3, தவிடு 300 கிராம், தாது உப்பு 200 கிராம். புழுப் பிண்ணாக்கை 52 சதவீதம், கருவாட்டை 50, கடலைப் பிண்ணாக்கை 42 என்று வைத்துக் கணக்குப் போட்டால் மொத்தப் புரதம் சுமார் 40 சதவீதம். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பவில்லை, இது காகிதக் கணக்கு மட்டும். மரவள்ளியைக் கூழாக்கிப் பிசைந்து, இட்லிப் பானையில் இருபது நிமிஷம் ஆவி காட்டி, பிறகு பிழிந்து காய வைத்தேன். (தனிப் பானை. அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.) இந்தக் குச்சி தண்ணீரில் நாற்பது நிமிஷம் கரையாமல் நின்றது. மூழ்குவதற்கு மருந்தாக, ஓரம் கட்டிய வலைத் தட்டு ஒன்றைத் தண்ணீருக்கு ஒரு அடி கீழே தொங்கவிட்டேன். முதல் ஒரு வாரம் பாதிக் கடைத் தீவனம் கலந்து, பிறகு முழுக்க இதற்கு மாற்றினேன்.

செப்டம்பர் 22 முதல் நவம்பர் 20 வரை, 60 நாள். இரண்டு வலையிலும் 50 குஞ்சு, தலா 55 கிராம். கடைத் தீவன வலையில் 47 மீன் 128 கிராமுக்கு வந்தன. 4.9 கிலோ தீவனம் போட்டு 3.27 கிலோ எடை ஏறியது. என் தீவன வலையில் 43 மீன், 109 கிராம். 4.1 கிலோ போட்டு 1.94 கிலோ எடை ஏறியது. அதாவது ஒரு கிலோ மீனுக்கு அங்கே ஒன்றரைக் கிலோ தீவனம், இங்கே இரண்டு கிலோவுக்கு மேல். தட்டின் அடியில் மிச்சம் படிந்து கிடந்ததைப் பார்த்தால் தின்னாமல் போனதும் அதில் நிறைய.

மீன் தின்னவே செய்தது, வளரவும் செய்தது. முதல் சுற்றை ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். ஆனால் காசுக் கணக்கைப் போட்டபோது மனம் உட்கார்ந்துவிட்டது. கழிவு ஏற்றிவர 150, தவிடு 132, விறகு 40, ஆக 322 ரூபாய்க்கு 4.8 கிலோ புழுப் பிண்ணாக்கு. கிலோ 67 ரூபாய் என்று கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதை வைத்துச் செய்த தீவனம் கிலோ 63, கடைத் தீவனத்தில் பாதிக்குச் சற்று மேல். ஆனால் வேக வைத்து, மூன்று நாள் காய வைத்து, ராத்திரி பனிக்கு மூடி, வறுத்து, அழுத்தி முடிக்க ஒன்றரை ஆள் வேலை. நானும் தம்பியும் செய்ததால் கூலி கொடுக்கவில்லை. ஒரு ஆளுக்கு 400 என்று போட்டால் புழுப் பிண்ணாக்கு கிலோ 192 ஆகிறது, தீவனம் 113 ஆகிறது. கடையில் அதே 115. மீன் எடை ஏறும் கணக்கில் பார்த்தால் கிலோ மீனுக்குக் கடைத் தீவனச் செலவு 172 ரூபாய், என்னுடையது கூலியோடு 239. சொந்த உழைப்புக்குக் கணக்கு எழுதாமல் லாபம் என்று சொல்லும் பண்ணைக் கதைகளை நிறையக் கேட்டிருக்கிறேன். என் நோட்டில் அப்படி எழுத மனம் வரவில்லை.

அடுத்து என்ன என்று யோசிப்பதற்குள் ஃபெஞ்சல் வந்துவிட்டது. நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி அருகே கரை கடந்த புயல். மழை அதோடு நிற்கவில்லை. சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி வந்து டிசம்பர் முதல் வாரம் எங்கள் பக்கம் எல்லாம் வெள்ளக்காடு. குட்டைக் கரை உடையவில்லை, ஆனால் தண்ணீர் கரை மேல் ஏறிப் போனது. குட்டையில் விட்டிருந்த விரால் அதோடு போயிற்று. இரண்டாம் சுற்று மீன்களை மட்டும் வீட்டுப் பக்கச் சிமெண்ட் தொட்டிக்கு மாற்றியிருந்ததால் அவை பிழைத்தன. பக்கத்து ஊர்களில் வீடும் மாடும் போனவர்கள் இருக்கும்போது என் நஷ்டத்தைப் பெரிதாகச் சொல்ல முடியாது.

முட்டைக்காக ஈக்களை விட்டு வைத்திருந்த கொசுவலை ஈக்கூண்டு அந்தக் காற்றில் கிழிந்தது, தைத்துவிட்டேன். தைத்து முடித்தும் முட்டை கிடைக்கவில்லை. இந்த ஈ ஜோடி சேர நேரடி வெயில் வேண்டும். காலை எட்டிலிருந்து பதினொன்றுக்குள் சுள்ளென்று வெயில் அடிக்கும் இடத்தில்தான் கூண்டை வைத்திருந்தேன். வெள்ளத்தை ஒட்டி நாள் கணக்கில் சூரியனே இல்லை. வீட்டு எல்.இ.டி. பல்பு நாலு கட்டிப் பார்த்தேன், ஒரு முட்டைகூட இல்லை. ஈக்கு ஆயுசே ஒரு வாரம். ஆறு மாதமாக ஓட்டி வந்த வம்சம் பத்து நாளில் முடிந்தது.

ஜனவரியில் மறுபடி 750 ரூபாய் கொடுக்க மனமில்லாமல் காட்டு ஈயைப் பிடிக்கப் பார்த்தேன். புளித்த தவிடு ஒரு வாளி, மேலே வலை. வலை மேல் நெளிவு அட்டைப்பெட்டித் துண்டுகளை அடுக்கிக் கட்டி, மாமரத்தடியில் வைத்தேன். ஒன்பதாம் நாள் அட்டை நெளிவுக்குள் வெண்மஞ்சள் முட்டைக் கொத்து. நம் ஊர்க் காற்றிலேயே இந்த ஈ இருக்கிறது. முட்டை வாங்கவே வேண்டியதில்லை என்பது எனக்கு எட்டு மாதம் கழித்துத் தெரிந்தது.

பிப்ரவரி முதல் வாரம் ஒரு சாயங்காலம், புழு சலித்த சல்லடையைச் சிமெண்ட் தொட்டி ஓரத்தில் தட்டினேன். ஒட்டியிருந்த ஒரு கைப்பிடிப் புழு தொட்டியில் விழுந்தது. தண்ணீர் கொந்தளித்தது. இத்தனை மாதத்தில் என் தீவனத்துக்கு ஒரு நாளும் அந்தத் துள்ளலைப் பார்த்ததில்லை. தாத்தா ஏரியில் விரால் தூண்டில் போடும்போது முள்ளில் தத்துக்கிளியையோ தவளைக் குஞ்சையோ மாட்டி, தண்ணீர் மேல் தத்தித் தத்தி இழுப்பார். மேலே கிடந்து துடிப்பதைத்தான் விரால் அடிக்கும் என்பது சின்ன வயதிலேயே பார்த்த விஷயம். பூச்சி அதற்குப் புதுத் தீனியே அல்ல. நான்தான் அதைக் காய வைத்து, வறுத்து, பிழிந்து, அரைத்து, குச்சியாக்கி, மூழ்கடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் சுற்றில் அந்த வேலைகள் எல்லாவற்றையும் விட்டேன். காலையில் கடைத் தீவனம், சாயங்காலம் பச்சைப் புழு. அவ்வளவுதான் திட்டம். ஆனால் சில காரியங்களைக் கவனமாகச் செய்ய வேண்டியிருந்தது.

முதலாவது, எந்த வயதுப் புழு. முன்பெல்லாம் கறுத்துப்போய்ப் பெட்டிச் சரிவில் தானாக ஏறிவந்து விழும் முற்றிய புழுவைச் சேர்த்தேன், சலிக்கும் வேலை மிச்சம் என்று. முற்றினால் தோல் தடித்துவிடும், அந்த ஓடு மீனுக்குச் செரிப்பதில்லை. இப்போது பெட்டியில் விட்டுப் பன்னிரண்டாம் நாள், வெளுப்பாக இருக்கும்போதே சலிக்கிறேன். கட்டுமானக் கடையில் கிடைக்கும் மணல் சல்லடைகளில் 5 மி.மீ. கண் உள்ளது இதற்குச் சரி. சலிப்பதற்கு முந்தின நாள் தண்ணீர் தெளிப்பதை நிறுத்திவிட்டால் எருவும் புழுவும் ஒட்டாமல் பிரியும். ஈரமாகச் சலித்தால் சல்லடை அடைத்துக்கொண்டு உயிரை எடுக்கும்.

இரண்டாவது, சுத்தம். சலித்த புழுவை ஒரு நாள் உலர்ந்த தவிட்டில் விட்டு வயிற்றைக் காலி செய்ய வைக்கிறேன். பிறகு நல்ல தண்ணீரில் அலசி, கொதிநீரில் ஒரு நிமிஷம். உயிரோடு போட்டால் துள்ளல் இன்னும் அதிகமாக இருக்கும், தெரியும். இருந்தாலும் கழிவில் வளர்ந்ததை அப்படியே மீனுக்கும், மீன் வழியாக மனிதருக்கும் கொடுக்க எனக்குத் துணிவில்லை. வெந்த புழு பாதி மிதக்கிறது, பாதி மெல்ல இறங்குகிறது. இறங்கும்போதே அடித்துவிடுகின்றன. இன்னொன்றும் நிறுத்திவிட்டேன். புழு தின்னும் கொழுப்பின் குணம் அதன் உடம்பிலும் ஏறும் என்பதால், கடைசி மூன்று நாள் மீன் குடலை வேக வைத்துப் போட்டு வந்தேன். மீன் எண்ணெய்ச் சத்து புழுவிலும் சேரும் என்ற ஆசை. ஐரோப்பிய ஒன்றியம் 2017 ஜூலையிலிருந்து பண்ணை மீன் தீவனத்தில் பூச்சி மாவை அனுமதிக்கிறது, இந்த ஈயும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் உணவகக் கழிவிலோ இறைச்சிக் கழிவிலோ புழுவை வளர்க்க அங்கே அனுமதி இல்லை. அந்தக் கண்டிப்பில் நியாயம் இருப்பதாகப் பட்டது. இப்போது காய், பழம், தவிடு மட்டும்.

மூன்றாவது, தீனி. பிப்ரவரியில் பலா இல்லை. காய்கறிச் சந்தையில் முட்டைக்கோஸ் இலை, அழுகிய தக்காளி, பூசணி. மார்ச்சில் எங்கள் பக்கம் முந்திரிப்பழம் கொட்டையைத் திருகிவிட்டு மரத்தடியிலேயே கிடக்கும். ஆசையாக ஒரு பெட்டி முழுக்க அதையே போட்டேன். பன்னிரண்டு நாளில் வர வேண்டிய அளவுக்குப் பதினேழு நாள் ஆனது. அந்தத் துவர்ப்பு புழுவுக்கும் ஆகவில்லை போலும். பூசணியோடு பாதிக்குப் பாதி கலந்தபோது ஒரு நாள்தான் தாமதம்.

பிப்ரவரி 10-இல் தொடங்கி 60 நாள் தீனி போட்டு, மறுநாள் காலை வெயில் ஏறுமுன் தராசைத் தூக்கினோம். ஒவ்வொரு வலையிலும் 40 குஞ்சு, தலா 70 கிராம். பதினைந்து நாளைக்கு ஒரு முறை பெரிதையும் சிறிதையும் பார்த்து, ரொம்பவும் முந்தியதை எடுத்து அதே எடையில் வேறு விட்டேன். விராலில் அதைச் செய்யாவிட்டால் எந்தத் தீவனமும் பயன்படாது. கடைத் தீவன வலைக்கு 5 கிலோ தீவனம், ஏறிய எடை 3.28 கிலோ. புழு வலைக்குக் கடைத் தீவனம் 3.2 கிலோ, பச்சைப் புழு 5.5 கிலோ, ஏறிய எடை 3.32 கிலோ. புழுவை ஆரம்பத்தில் நாளைக்கு 60 கிராமாகப் போட்டு, முடிவில் 120 வரை ஏற்றினேன். மீன் எடையில் நூற்றுக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

செலவு: 20 கிலோ புழுவுக்குக் கழிவு ஏற்றிவர 60 (சந்தைக்குப் போய்த் திரும்பும் வண்டியிலேயே ஏற்றிக்கொள்கிறேன்), தவிடு 110, கேஸ் 30, ஆக 200. அரை ஆள் கூலி 200. கூலியோடு சேர்த்தே பச்சைப் புழு கிலோ 20 ரூபாய். புழு வலைக்கு மொத்தம் 478 ரூபாய், கிலோ மீனுக்கு 144. கடைத் தீவன வலையில் 175. கூலியையும் எழுதிய பிறகு கிலோவுக்கு 31 ரூபாய் குறைகிறது. சலித்தபின் நிற்கும் எரு பெட்டிச் சுற்றுக்கு 25 கிலோ வரை கத்தரிக்குப் போகிறது, அதற்கு நான் விலை போடவில்லை.

நாற்பது மீனில் பார்த்தது நூறு மடங்கில் அப்படியே வரும் என்று சொல்ல மாட்டேன். ஒரே குட்டை, ஒரே பருவம், ஒரே குஞ்சுத் தொகுதி. புழுவை இன்னும் கூட்டிக் கடைத் தீவனத்தைப் பாதிக்குக் கீழே கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று பார்க்கவில்லை. மீன் விற்கும் எடைக்கு வந்தபின் சதையில் ருசி மாறுகிறதா என்பதையும் இனிமேல்தான் பார்க்க வேண்டும். 157 கிராம் மீனில் இரண்டைக் குழம்பு வைத்தோம். அம்மாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை, நான் சொல்லவும் இல்லை. சாப்பிட்டு முடித்த பிறகுதான் சொன்னேன். "நல்லாத்தானே இருந்துச்சு" என்றார்.

இப்போது ஆரம்பித்தால் கொத்துக்கறி மெஷினையும் ஜாக்கியையும் வாங்க மாட்டேன். அந்த 4,750 ரூபாயில் இன்னும் பத்துப் பெட்டியும் நல்ல ஈக்கூண்டு ஒன்றும் வந்திருக்கும். கூண்டு 1,300 ரூபாய்க் கொசுவலைக்குப் பதிலாகச் சவுக்குக் கட்டையில் அடித்த சட்டமாக இருக்க வேண்டும், தூக்கி வீட்டுக்குள் வைக்கிற மாதிரி. ஒவ்வொரு பெட்டியிலும் பத்தில் ஒரு பங்கு புழுவைச் சலிக்காமல் விட்டுக் கூட்டுப்புழுவாக்கி, தென்னை நார்த்தூளில் நிழலில் வைக்கிறேன். கூட்டுப்புழுவாக இரண்டு வாரம் சும்மா கிடக்கும் என்பதால், வெயில் இல்லாத ஒரு வாரத்தைத் தாண்டிவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் ஒரே நாளில் எல்லாம் ஈயாகிவிடாமல் வயது வாரியாக மூன்று டப்பாவில் பிரித்து வைக்க வேண்டும்.

குட்டைக் கரையை ஒரு அடி உயர்த்தியாயிற்று. ஜூனில் 800 குஞ்சு விடப் போகிறேன். ஆரம்பத்திலேயே நாளைக்கு ஒரு கிலோவுக்கு மேல் பச்சைப் புழு வேண்டும், போகப் போக அது கூடும். இரண்டு நாளைக்கு ஒரு பெட்டி தொடங்கினால் தட்டாது என்று கணக்கு. நேற்று பண்ருட்டியில் முதல் பலா வண்டிகள் வந்து நின்றன. சக்கையை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று இரண்டு கடைகளில் சொல்லி வைத்திருக்கிறேன்.